கொடி பிடித்தவரும் அவரே! பந்தயத்தில் இறங்கியவரும் அவரே!

2022-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி. சீனத் தலைநகர் பீஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டு வீரர்களும் கூட்டம் கூட்டமாக அணிவகுத்து வந்தார்கள். அமெரிக்கா வந்தது. நார்வே வந்தது. ஜெர்மனி வந்தது. இந்தியாவும் வந்தது.

இந்தியாவின் கொடியைப் பிடித்து வந்தவர் ஆரிப் கான். காஷ்மீரத்துக்காரர். அவருக்குப் பின்னால் வேறு விளையாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. உடன் வந்தவர்கள் அதிகாரிகளும் பயிற்சிக்காரர்களும்தான். 140 கோடி மக்களைக் கொண்ட நாட்டிலிருந்து பந்தயத்துக்குப் போன வீரர் அந்த ஒருவரே!

அவர் நடந்து வந்ததைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கல்வான் பள்ளத்தாக்கில் நம் ராணுவத்தோடு மோதிய சீன ராணுவ அதிகாரி ஒருவரை ஒலிம்பிக் தீபம் ஏந்தும்படி சீனா செய்தது. இந்தியா கோபம் கொண்டது. தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் நம் தூதர் கலந்துகொள்ளவில்லை. டெலிவிஷனும் விழாவைப் புறக்கணித்தது. அரசியல் நியாயம் அது. ஆனால் தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் வீட்டில் டெலிவிஷன் வைத்திருந்தவர்கள், தங்கள் நாட்டுக்காகத் தனியாகக் கொடி பிடித்த மனிதரை அந்த நேரத்தில் பார்க்க முடியாமல் போனது.

யார் இந்த ஆரிப் கான்? அவர் என்ன பந்தயத்தில் கலந்துகொண்டார்? 55 லட்சம் பேர் மட்டுமே வாழும் நார்வே அந்த ஒலிம்பிக்கில் 16 தங்கம் உள்பட 37 பதக்கங்களை அள்ளிக்கொண்டு போனதே, அது எப்படி?

55 லட்சம் என்றால் எவ்வளவு? 2011-ம் ஆண்டு கணக்குப்படி தேனி, மதுரை, திண்டுக்கல் ஆகிய 3 மாவட்டங்களின் மக்களைக் கூட்டினால் 64 லட்சம் வருகிறது. நார்வே அதைவிடச் சிறியது!

கொழுக்குமலையும் குல்மார்க்கும்

ஆரிப் கான் 1990-ல் பிறந்தார். காஷ்மீரில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிய சமயம் அது. அவருடைய தகப்பனார் குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான்கள் கடை வைத்திருந்தார். சுற்றுலா வந்தவர்களுக்குச் சறுக்குக் கட்டை கொடுப்பார். சறுக்கவும் சொல்லித் தருவார். கலவரம் மிகுந்தபோது வெளியூர்க்காரர்களின் வரத்து குறைந்தது. குல்மார்க் போன்ற ஊரில் கடை வைத்திருப்பவர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் கடை இருந்தது. கடையில் கட்டைகள் இருந்தன. எதிரே மலை இருந்தது. மகன் 4 வயதிலேயே கட்டையில் ஏறி நின்றுவிட்டான்.

குல்மார்க் சுமார் 8,700 அடி உயரத்தில் இருக்கிறது. போடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலை சுமார் 8,000 அடி. உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கொழுக்குமலையில் தேயிலை விளைகிறது. குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. ஏன்?

கொழுக்குமலை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே காய்கிறது. குல்மார்க் வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் அங்கே சாய்ந்தே காய்கிறது. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதி பனியாக விழுகிறது. நார்வேயோ இன்னும் வடக்கே. அங்கே மலை ஏறவேண்டிய அவசியமும் இல்லை. கடற்கரை ஓரத்து ஊரிலேயே பனி விழும்.

ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பனிச்சறுக்கு வீரர் பிறக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படவேண்டாம். ஆனால் இமயமலை நம் நாட்டில்தானே இருக்கிறது? அங்கே பனிக்குப் பஞ்சமா? 140 கோடியில் ஒருவர்தானா? கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

கொண்டை ஊசி வளைவில் பிரேக் இல்லாமல்

ஆரிப் கான் கலந்துகொண்ட பந்தயம் எப்படிப்பட்டது?

போடிமெட்டு சாலையில் பஸ்ஸில் போயிருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அந்தச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மெல்லத் திருப்புவார். உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். சிலருக்கு வாந்தி வரும்.

இப்போது அந்தச் சாலை முழுவதும் வழவழப்பான பனிக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் இல்லை. காலில் 2 நீளக் கட்டைகள். பிரேக் கிடையாது. வளைவுக்கு வளைவு கம்பு நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பை விட்டு வெளியே போனாலும் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். யார் சீக்கிரம் கீழே வந்து சேருகிறாரோ அவரே வெற்றி பெற்றவர்.

இதில் 4 வகை உண்டு. கம்புகள் நெருக்கமாக இருந்தால் அதற்கு ‘ஸ்லாலம்’ என்று பெயர். கொஞ்சம் தள்ளி நட்டிருந்தால் ‘ஜெயன்ட் ஸ்லாலம்’. இன்னும் தள்ளி நட்டிருந்தால் ‘சூப்பர் ஜி’. வளைவு குறைவாகவும் சரிவு செங்குத்தாகவும் இருந்தால் ‘டவுன்ஹில்’. இந்தக் கடைசிப் பந்தயத்தில் வீரர்கள் மணிக்கு 130, 140 கிலோ மீட்டர் வேகத்தில் இறங்குவார்கள். ரெயில் வேகம்! ஆனால் ரெயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது.

‘ஸ்லாலம்’ என்ற சொல்லே நார்வே நாட்டுக் கிராமத்துச் சொல்தான். சரிவில் விழுந்த தடம் என்று பொருள். டெலிமார்க் என்ற பகுதியில் மோர்கெடால் என்று ஒரு சிற்றூர். அங்கே 1825-ல் சோன்ட்ரே நோர்ஹெய்ம் என்பவர் பிறந்தார். சொந்த நிலம் இல்லாதவர். பிறர் பண்ணையில் குடிசை போட்டுப் பிழைத்த ஏழை. அந்தக் காலத்தில் சறுக்குக் கட்டையில் கால் விரல் பக்கம் மட்டுமே வார் இருக்கும். குதித்தால் கட்டை கழன்றுவிடும். நோர்ஹெய்ம் மரவேரை முறுக்கி, குதிகாலையும் சேர்த்துக் கட்டினார். கட்டை காலோடு ஒட்டிக்கொண்டது. குதிக்க முடிந்தது. வளைய முடிந்தது. இன்று கோடீசுவரர்கள் விளையாடும் ஆட்டத்துக்கு வழி செய்தவர் அந்தக் குடிசைவாசி! அவர் வயதான காலத்தில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1897-ல் அங்கேயே இறந்தார்.

45-வது இடம்

மறுபடியும் பீஜிங்குக்கு வருவோம்.

பிப்ரவரி 13-ந் தேதி ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம். அன்று பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எதிரே இருப்பது தெரியவில்லை. இரண்டாவது சுற்றைத் தாமதமாகவே நடத்தவேண்டியிருந்தது.

உலகப் புகழ் பெற்ற வீரர்கள் முதலில் இறங்குவார்கள். ஆரிப் கான் போன்றவர்கள் கடைசியில்தான் இறங்கவேண்டும். அதற்குள் பாதை குண்டும் குழியுமாகிவிடும். மழைக்காலத்தில் 80 மாட்டு வண்டிகள் போன பாதையில் 81-வது வண்டி போவது போன்ற நிலைமை. அன்று 80-க்கும் மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விழுந்தோ வழி தவறியோ வெளியேறிவிட்டார்கள். ஆரிப் கான் விழவில்லை. இரண்டு சுற்றையும் முடித்தார். 45-வது இடம்.

தங்கம் வாங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மார்கோ ஓடர்மாட். அவருக்கு ஆன நேரம் 2 நிமிடம் 9.35 வினாடி. ஆரிப் கானுக்கு 2 நிமிடம் 47.24 வினாடி. வித்தியாசம் 38 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று நாள் கழித்து ஸ்லாலம் பந்தயம் நடந்தது. அதில் அவரால் முதல் சுற்றை முடிக்க முடியவில்லை.

“இவ்வளவுதானா?” என்று சிலர் கேட்டார்கள். கேட்பது சுலபம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் 2 பந்தயங்களுக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அந்தத் தகுதியை அவர் எப்படி வாங்கினார் என்று பார்த்தால், 45-வது இடத்தின் அருமை தெரியும்.

கல்யாணம் தள்ளிப்போனது

ஆரிப் கான் 12 வயதில் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினார். பின்னர் ஜப்பானுக்குப் போய் சிறுவர்களுக்கான சர்வதேசப் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2011-ல் உத்தரகாண்டில் தெற்கு ஆசியக் குளிர்கால விளையாட்டு நடந்தது. அதில் 2 தங்கம் வாங்கினார். உலக சாம்பியன் போட்டிகளிலும் பலமுறை கலந்துகொண்டார்.

ஆனால் 2018-ல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்குக்கு அவரால் போக முடியவில்லை. காரணம் உடம்பு அல்ல, பணம்!

இந்த விளையாட்டில் ஒலிம்பிக் தகுதி என்பது ஒரே ஒரு பந்தயத்தில் கிடைத்துவிடாது. உலகத்தில் பல ஊர்களிலும் பந்தயம் நடக்கும். அவற்றில் கலந்துகொண்டு புள்ளி வாங்கவேண்டும். இதில் குறைந்த புள்ளி வாங்கியவர்தான் மேல்! முதல் இடத்தில் வந்தவருக்கும் நமக்கும் எவ்வளவு நேர வித்தியாசம் என்பதைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். ஒரு பந்தயத்தில் தவறினால் அடுத்த ஊர்; அங்கே தவறினால் இன்னோர் ஊர். அதற்கெல்லாம் விமானக் கட்டணம் வேண்டும். தங்குமிடம் வேண்டும். பயிற்சிக்காரர் வேண்டும். ஆரிப் கான் பொதுமக்களிடம் நிதி கேட்டுப் பார்த்தார். தேவையான அளவு கிடைக்கவில்லை. சில தகுதிப் பந்தயங்களுக்குப் போகாமலே இருந்துவிட்டார். 4 வருடம் வீணாயிற்று.

விளையாட்டு வீரனுக்கு 4 வருடம் என்பது விவசாயிக்கு 4 போகம் போனது போல அல்ல. நிலம் அப்படியே இருக்கும். உடம்பு அப்படியே இருக்காது.

அடுத்த ஒலிம்பிக் நெருங்கியது. 2021-ல் அவருடைய கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனார். ஸ்லாலம் பந்தயத்துக்கான தகுதியை எங்கே வாங்கினார் தெரியுமா? துபாயில்! பாலைவன நாட்டில், ஒரு பெரிய கட்டிடத்துக்குள் எந்திரத்தால் பனி செய்து, சரிவு கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்த பந்தயத்தில்தான் காஷ்மீரத்துக்காரர் ஒலிம்பிக் சீட்டு வாங்கினார். பிறகு ஐரோப்பாவில் மான்டினீக்ரோ என்ற சிறிய நாட்டுக்குப் போய் ஜெயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார்.

அப்போது ஒரு தனியார் கம்பெனி அவருக்கு உதவியது. தகுதி கிடைத்தபின் மத்திய அரசாங்கமும் கை கொடுத்தது. ஐரோப்பாவில் 35 நாள் பயிற்சிக்கும் சாமான்களுக்குமாக 17 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய்! ஏலத்தோட்டத்துக்கு விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாகப் போய்வரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்கும். சர்வதேசப் போட்டியில் அது பெரிய தொகை அல்ல. தொகையைவிட அது வந்த நேரம்தான் கவனிக்கத் தக்கது. ஒலிம்பிக்குக்கு முந்தைய 35 நாள் பயிற்சியால் ஒரு வீரனை உருவாக்கிவிட முடியாது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி 2017-ல் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். கிணறு வெட்டக் கடன் கேட்டவனுக்கு, தண்ணீர் வந்தபிறகு வாளி வாங்கிக் கொடுத்த மாதிரி!

நார்வே வீரர் கதை

இனி நார்வே நாட்டு வீரர் ஒருவரைப் பார்ப்போம்.

ஆக்சல் லுண்ட் ஸ்விண்டால் 1982-ல் பிறந்தார். 8 வயதில் தாயார் பிரசவத்தில் இறந்துபோனார். பிறந்த குழந்தையும் இறந்தது. தாயாரின் குடும்பப் பெயர் லுண்ட். அதைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்துக்கொண்டார்.

2007-ல் உலகக் கோப்பையில் மொத்தப் புள்ளிகளில் அவரே முதல்வர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பீவர் கிரீக் என்ற இடத்தில் டவுன்ஹில் பயிற்சி நடந்தது. ஒரு மேட்டிலிருந்து தாவியபோது நிலை தடுமாறி விழுந்தார். முக எலும்புகள் முறிந்தன. அவருடைய சறுக்குக் கட்டையின் கூர்மையான விளிம்பே அவர் இடுப்புக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் பந்தயம் கிடையாது. இவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

அடுத்த வருடம் டிசம்பர் மாதம் அதே பீவர் கிரீக் சரிவில் அவர் மறுபடியும் இறங்கினார். வெற்றி பெற்றார்!

2010 ஒலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் வாங்கினார். 2014-ல் குதிகால் நரம்பு அறுந்தது. 2016-ல் முழங்கால் போயிற்று. 2018-ல் தென்கொரியாவில் டவுன்ஹில் தங்கம்! அப்போது வயது 35. இரண்டாவது வந்தவரும் நார்வேக்காரர்தான். அவர் பெயர் யான்ஸ்ருட். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.12 வினாடி. கண் சிமிட்டும் நேரம்கூட அல்ல. ஆரிப் கானால் போக முடியாத ஒலிம்பிக் அதுதான்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ஸ்வீடனில் நடந்த உலக சாம்பியன் போட்டி ஸ்விண்டாலின் கடைசிப் பந்தயம். அதில் யான்ஸ்ருட் முதல், ஸ்விண்டால் இரண்டாவது. வித்தியாசம் ஒரு வினாடியில் 100-ல் 2 பங்கு!

இந்தக் கதையைப் படித்தால் ஸ்விண்டால் இரும்பு மனிதர் என்று தோன்றும். உண்மைதான். ஆனால் ஆரிப் கானும் சளைத்தவர் அல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்விண்டால் விழுந்தபோது அவரைத் தூக்க ஒரு நாடே இருந்தது. டாக்டர்கள் இருந்தார்கள். பயிற்சிக்காரர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய அவருக்குச் சமமான தோழர்கள் இருந்தார்கள். டவுன்ஹில் பந்தயத்தில் முதலில் இறங்கியவர், “அந்த மூன்றாவது வளைவில் பனி இறுகிக் கிடக்கிறது, ஜாக்கிரதை” என்று மேலே காத்திருக்கும் தோழருக்கு வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்புவது வழக்கம். பீஜிங்கில் ஆரிப் கானுக்கு முன்னால் இறங்கி அப்படித் தகவல் சொல்ல இன்னோர் இந்திய வீரர் இல்லை.

குடிமராமத்து போல

“நார்வே பணக்கார நாடு. எண்ணெய்க் கிணறு இருக்கிறது. பதக்கம் வாங்க என்ன கஷ்டம்?” என்று கேட்கலாம். எண்ணெய் கிடைத்தது 1969-ல்தான். நோர்ஹெய்ம் மரவேரை முறுக்கியபோது எண்ணெயும் இல்லை; பணமும் இல்லை. பணம் உதவுகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் நார்வேயைவிடப் பணக்கார நாடுகள் குளிர் தேசத்தில் உண்டு. அவை இத்தனை பதக்கம் வாங்குவதில்லை.

அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. அதை நடத்துவது பெற்றோர்கள். ஒரு தாய் டீ போடுவார். ஒரு தகப்பனார் பனிப்பாதையைச் சீர் செய்வார். இன்னொருவர் பிள்ளைகளைக் காரில் அழைத்துப்போவார். யாருக்கும் சம்பளம் இல்லை. இதை ‘டுக்னாட்’ என்கிறார்கள். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கண்மாயையும் வாய்க்காலையும் ஊர் மக்களே கூடி மராமத்து செய்த ‘குடிமராமத்து’ இதே வழக்கம்தான். நாம் தண்ணீருக்குச் செய்ததை அவர்கள் விளையாட்டுக்கும் செய்கிறார்கள்.

சறுக்குக் கட்டை விலை அங்கேயும் அதிகம்தான். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பதற்கென்றே நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். புத்தகசாலையில் புத்தகம் எடுப்பது போல், கட்டையை எடுத்துப்போய் விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

இன்னொரு விதி நம் பெற்றோர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 11 வயது ஆகும் வரை பிள்ளைகளின் பந்தயத்தில் ‘ரேங்க்’ பட்டியல் போடக்கூடாது. 13 வயது வரை தேசிய சாம்பியன் பட்டமே கிடையாது! ஒன்றாம் வகுப்பிலேயே “எத்தனையாவது ரேங்க்?” என்று கேட்கும் நமக்கு இது விசித்திரம்தான். சிறுவயதில் தோற்றுப்போனவன் வெட்கப்பட்டு விளையாட்டை விட்டுவிடுகிறான். 18 வயதில் அவனே சிறந்த வீரனாக வந்திருக்கலாம். அதற்காகத்தான் இந்த விதி.

பெரியகுளம் சொல்லும் பாடம்

பனி இருந்தால் போதும் என்பது சரியல்ல. இமயமலையில் பனி இருக்கிறது. குல்மார்க்கில் ரோப் கார் சுமார் 13,000 அடி உயரம் வரை போகிறது. ராணுவப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஆனால் ஆரிப் கான் போகும் வரை பல ஒலிம்பிக்குகளுக்கு இந்தியாவிலிருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1964-ல் முதன்முதல் இந்தியாவுக்காகச் சறுக்கியவர் ஜெரமி புஜாகோவ்ஸ்கி. பெயரைப் பார்த்தாலே தெரியும்; போலந்து வம்சத்தவர்.

வசதி ஓரிடத்தில் நிலைத்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பெரியகுளத்துக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்? மாம்பழத்துக்குப் பெயர் போன ஊர் அது. ஆனால் அங்கே சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடை தோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. ராணுவம், வங்கி, ரெயில்வே என்று பெரிய அணிகள் வந்து ஆடுகின்றன. டில்லியிலும் சென்னையிலும் பார்க்கவேண்டிய ஆட்டக்காரர்களை அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கூடைப்பந்து பெரியகுளத்து மண்ணில் முளைத்த செடி அல்ல. யாரோ கொண்டுவந்து நட்டார்கள். வருடம் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். அது வேர் பிடித்துவிட்டது.

பனி இல்லாத ஊரிலிருந்தும் பனிச்சறுக்குக்குப் போனவர்கள் உண்டு. கர்நாடகத்தில் குடகு மலை இருக்கிறது. கம்பத்துக்கு மேலே உள்ளது போலவே காப்பித் தோட்டமும் மழையும் நிறைந்த மேற்கு மலைத்தொடர்தான். அங்கே பிறந்தவர் பவானி. காப்பி பயிரிடும் குடும்பத்துப் பெண். மலையேற்றம் கற்றவர் பனிச்சறுக்குக்கும் வந்தார். சரிவில் இறங்கும் பந்தயம் அல்ல; சமவெளியிலும் மேட்டிலும் வெகுதூரம் சறுக்கி ஓடும் பந்தயம். குல்மார்க் போட்டிகளில் தங்கம் வாங்கினார். 2023-ல் உலக சாம்பியன் போட்டிக்குப் போனார். 2024-ல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்த 5 கிலோ மீட்டர் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார்.

சிவா கேசவனையும் மறக்கக்கூடாது. தகப்பனார் கேரளத்துக்காரர். தாயார் இத்தாலி நாட்டவர். மணாலி பக்கத்தில் வளர்ந்தார். பனியில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் ‘லூஜ்’ என்ற பந்தயத்தில் 1998 முதல் 2018 வரை 6 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். நாட்டில் லூஜ் பாதை கிடையாது. சறுக்கு வண்டியின் அடியில் சக்கரம் பொருத்தி, லாரிகளும் ஆடுகளும் போகும் மலைச்சாலையில் பயிற்சி செய்தார்! கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஒரு நாடு தன் வீரனை அப்படி விட்டது பெருமைப்படத் தக்கதா என்பது வேறு விஷயம்.

பனி பொய்க்கிறது

2020 முதல் குல்மார்க்கில் ‘கேலோ இந்தியா’ குளிர்காலப் போட்டி நடக்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல தொடக்கம். ஆரிப் கானுக்குச் சிறுவயதில் இது கிடைக்கவில்லை.

ஆனால் புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் மொட்டையாகக் கிடந்தன. புல் தெரிந்தது. சுற்றுலா வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். குதிரைக்காரர், வழிகாட்டி, சாமான் கடைக்காரர் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இந்தத் தவிப்பை விளக்கவேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் 14,707 ஏக்கரில் முதல் போக நெல் நடவு நடக்கும். தென்மேற்குப் பருவமழை தாமதமானால் நாற்றங்கால் தாமதம், அறுவடை தாமதம், இரண்டாம் போகமும் தள்ளிப்போகும். குல்மார்க்கில் நாற்றங்காலுக்குப் பதில் பயிற்சி. அவ்வளவுதான். ஒரு சிறுவன் வருடத்தில் 3, 4 மாதம்தான் பனியில் பழக முடியும். அதில் ஒரு மாதம் போனால் மிச்சம் என்ன? பணம் உள்ள நாட்டு வீரர்கள் பனி இருக்கும் இடத்தைத் தேடி ஆல்ப்ஸ் மலைக்குப் போவார்கள். தென் அமெரிக்காவுக்கும் போவார்கள். குல்மார்க் சிறுவன் எங்கே போவான்?

எந்திரத்தால் பனி செய்யலாம். பீஜிங் ஒலிம்பிக் சரிவுகள் ஏறக்குறைய முழுவதும் எந்திரப் பனியால் ஆனவைதான். அதற்கு ஏராளமான தண்ணீரும் மின்சாரமும் கடுங்குளிரும் வேண்டும். குளிர் குறைந்தால் எந்திரமும் கை கொடுக்காது.

2025-ம் ஆண்டு குல்மார்க் போட்டியைப் பிப்ரவரி 22-ந் தேதி தொடங்குவதாக அறிவித்தார்கள். பனி போதவில்லை என்று தள்ளிவைத்தார்கள். மாத முடிவில் பனி விழுந்தது. மார்ச் 9-ந் தேதி பந்தயம் தொடங்கியது. 12-ந் தேதி முடிந்தது. பிள்ளைகள் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்கள்.